சனிக்கிழமை மட்டும் கிளம்பாத கார்

போன வாரம் என் பல் செட்டைக் காணவில்லை என்று வீட்டை இரண்டாக்கிவிட்டேன். மருமகளைச் சந்தேகப்பட்டேன், பேரனைச் சந்தேகப்பட்டேன், ஜன்னலோரம் வந்து உட்காரும் காக்கையைக்கூட விடவில்லை. கடைசியில் பார்த்தால் அது என் வாய்க்குள்தான் இருந்தது. அதைப் போட்டுக்கொண்டுதான் அத்தனை சத்தமும் போட்டிருக்கிறேன். நீங்கள் ரொம்பச் சிரிக்க வேண்டாம். உங்கள் வீட்டுச் சங்கதிகளும் எனக்கு வந்துகொண்டுதான் இருக்கின்றன. வயதானால் சந்தேகம் வரும் என்கிறார்கள். எனக்கு அது வயதில் வந்ததல்ல. கால்சட்டைப் பொத்தானைச் சரியான ஓட்டையில் போடத் தெரியாத காலத்திலேயே, விழுப்புரத்தில் பெரியப்பா வீட்டில் பிடித்துக்கொண்டது. யுத்தம் வருவதற்குச் சற்று முந்திய ஒரு மார்கழியும் தையும். ஒரு காரை முன்னிட்டு வீட்டில் எல்லோரும் எல்லோரையும் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டு திரிந்த காலம் அது.

என் ஊர் காணைப் பக்கம். அங்கேயும் பள்ளிக்கூடம் இருந்தது. அதற்குள் நான் இருந்த நேரம் குறைவு என்பதால் என்னை விழுப்புரத்தில் கொண்டுவந்து விட்டார்கள். பெரியப்பாவுக்கும் பெரியம்மாவுக்கும் குழந்தை கிடையாது. பெரியப்பா மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, வியாபாரி. வீடு விழுப்புரத்தில், மண்டி திண்டிவனத்தில். அதோடு மேடையேறிப் பேசுகிறவர். சாமி இல்லை, சாதி இல்லை, ராகு காலம் இல்லை. வீட்டுச் சுவரிலிருந்த சாமி படங்களை இறக்கிவிட்டு அந்த ஆணிகளில் சட்டை மாட்டினார். கொல்லையில் ஒரு பாம்புப் புற்று இருந்ததாம். பிள்ளை வரம் கேட்டுப் பெரியம்மா வெள்ளிக்கிழமை தவறாமல் அதற்கு மஞ்சள் பூசிப் பால் ஊற்றுவாராம். கார் வாங்கியதும் பெரியப்பா புற்றை இடித்து, மண்ணைத் திமிசு போட்டு இறுக்கி, அதே இடத்தில் கார் ஷெட் கட்டிவிட்டார். "பாம்பு போச்சு, பெட்ரோல் வந்துச்சு" என்று கூட்டங்களில் சொல்லிக் கைதட்டல் வாங்குவார். பெரியம்மா அதற்கு ஒன்றும் சொன்னதில்லை. சோற்றைக் கொஞ்சம் ஓசையோடு பரிமாறுவார், அவ்வளவுதான்.

கார், கப்பலேறிப் போன ஏதோ ஒரு துரையிடம் வாங்கியது. கித்தான் கூரை. இரண்டு பக்கமும் ஏறி நிற்கக் கால்பலகை. அமுக்கினால் வாத்து மாதிரிக் கத்தும் ரப்பர் ஹாரன். உள்ளே தோல், பெட்ரோல், சாம்பிள் மூட்டையிலிருந்து சிந்திய மல்லாட்டை, மூன்றும் கலந்த ஒரு வாசனை. அதற்குப் பிறகு நான் எந்த வண்டியிலும் அதை முகர்ந்ததில்லை, எத்தனையோ வண்டிகளுக்குள் மூக்கை நுழைத்துப் பார்த்திருக்கிறேன். பொத்தானை அழுத்திக் கிளப்பும் 'செல்ப்' துரையோடு கப்பலேறிவிட்டது. முன்னால் இரும்பு ஹாண்டிலை நுழைத்துச் சுற்றித்தான் கிளப்ப வேண்டும். டிரைவர் சுற்றுவார். நான் அவர் சீட்டின் மேல் நின்றுகொண்டு அவர் சொல்லும்போது சோக் குமிழை இழுப்பேன். வண்டி கிளம்பினால் என்னால் கிளம்பியது என்று பள்ளிக்கூடத்தில் சொல்வேன். கிளம்பாவிட்டால் டிரைவரால்.

டிரைவருக்கு ஒலக்கூர்ப் பக்கம், மாதா கோயில் தெரு. மிஷன் ஆஸ்பத்திரி வண்டியில் கிளீனராக இருந்து ஓட்டக் கற்றவர். அவர் லைசென்ஸைப் பெரியப்பா வாங்கித் தன் பீரோவில் வைத்துப் பூட்டியிருந்தார். அந்தக் காலத்து முதலாளிகள் அப்படித்தான் செய்வார்கள். டிரைவர் சொல்லாமல் கொள்ளாமல் வேறு வேலைக்குப் போய்விடக் கூடாதாம். சாதி இல்லை என்று மேடையில் முழங்கியவர் வீட்டு ஷெட் கம்பத்தில், டிரைவருக்குக் காபி ஊற்றுவதற்கென்று ஒரு தகரக் குவளை தனியாகத் தொங்கியது. அதை அப்போது தினமும் பார்த்தேன். என்ன பார்த்தேன் என்பது இப்போதுதான் தெரிகிறது.

மார்கழியில் புதுக் காய் வர ஆரம்பித்தது. திண்டிவனத்தில் சனிக்கிழமைதான் பெரிய வரத்து. காலையில் மாட்டு வண்டிகள் வந்து நிற்கும்போது யார் அங்கே நிற்கிறாரோ அவருக்கு நல்ல காய். பிறகு வருகிறவருக்குச் சொத்தை. அப்படிப்பட்ட ஒரு சனிக்கிழமை கார் கிளம்பவில்லை. டிரைவர் சுற்றினார். உஸ் உஸ் என்று மூச்சு விட்டதே தவிர வண்டி பேசவில்லை. சட்டையைக் கழற்றிவிட்டுச் சுற்றினார். நான் சோக்கை இழுத்த இழுப்பில் குமிழ் கையோடு வந்துவிட்டது.

"இன்னாப்பா ஆச்சு?" என்றார் பெரியப்பா.

"தெரியலீங்க ஐயா. லைட்டு எரியுது, பேட்டரி நல்லா கீது. பெட்ரோலும் வருது. ஆனா பத்திக்க மாட்டேங்குது."

பெரியப்பா ரயிலைப் பிடித்துப் போனார். பால்கேன்களுக்கு நடுவே நின்றுகொண்டு போய்ச் சேர்வதற்குள் எதிர்மண்டிக்காரர் நல்ல காயையெல்லாம் எடுத்துக்கொண்டுவிட்டார். இங்கே, வெயில் ஏறிய பிறகு டிரைவர் சும்மா ஒரு சுற்று சுற்றிப் பார்த்தார். கார் உடனே கிளம்பி, ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி நின்று உறுமியது.

ஞாயிற்றுக்கிழமை கிளம்பியது. வாரம் முழுக்க ஓடியது. வளவனூர் வரை போய் வந்தோம். அடுத்த சனிக்கிழமை காலை மறுபடியும் ஊமையாகிவிட்டது. அதற்கடுத்த சனிக்கிழமையும் அப்படியே. பக்கத்து வீட்டுக்காரர் வேலிக்கு மேல் எட்டிப் பார்த்து, "சனியன் பிடிச்சிருக்கு அண்ணே, எள்ளு தீபம் ஏத்துங்க" என்றார்.

"சனியாவது கினியாவது" என்றார் பெரியப்பா. "வண்டி தானா நிக்காது. சாமி பூதம் எதுவும் இல்லைன்னா இது மனுசன் பண்ற வேலை. எந்த மனுசன்னுதான் பாக்கணும்."

அந்தக் கேள்விக்குப் பதில் வைத்திருந்தவர் மண்டிக் கணக்குப்பிள்ளை. விழுப்புரத்துக்காரர். சனிக்கிழமைகளில் பெரியப்பாவோடு காரில் வருவார். எந்நேரமும் மூக்குப்பொடி போட்டு எதையாவது முகர்ந்துகொண்டே இருப்பார். வீட்டுக்குள் வந்தால் இன்று என்ன குழம்பு என்று சொல்லிவிட்டுத்தான் உட்காருவார். அவர் குரலைத் தணித்துக் கேட்டார்:

"ஐயா, நம்ம டிரைவரு அப்பன் யாரு நெலத்துல கூலி வேலை செஞ்சிகினு கீறான், தெரியுமா? எதிர்மண்டிக்காரர் நெலத்துல. சனிக்கிழமை நீங்க லேட்டா போனா யாருக்கு லாபம்? நான் ஒண்ணும் சொல்லல. நீங்களே யோசிச்சுப் பாருங்க."

ஒன்றும் சொல்லாமலே எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறவர் அவர். அடுத்த வாரத்துக்குள் அதைத் திண்டிவனம் மண்டி முழுக்கச் சொல்லாமல் சொல்லிவிட்டார்.

ரயிலடிப் பக்கத்திலிருந்து மெக்கானிக்கைக் கூட்டிவந்தார்கள். அவர் சாப்பிட்டுவிட்டு மதியம் வந்தார். ஹாண்டிலைத் தொட்டதுமே வண்டி கிளம்பியது. "வண்டிக்கு ஒரு கோளாறும் இல்லீங்க. ஓட்றவனைப் பாருங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். பிறகு ஒரு சனிக்கிழமையும் அப்படியே மதியம் வந்து அதையே சொன்னார். காலையில் வரச்சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. காலையில் எல்லோரும் கோபத்தில் இருந்தார்கள்.

டிரைவர் தன்னால் ஆனதைப் பார்த்தார். அவர் சோதனை செய்த விதம் நினைவிருக்கிறது. எஞ்சினில் பெட்ரோலைப் பற்றவைக்கும் நான்கு பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பங்குபோட்டு அனுப்ப ஒரு கருப்பு மூடி உண்டு. பிளக்குகளுக்கு நான்கு வயர், மின்சாரம் உள்ளே வர நடுவில் ஒரு வயர், ஆக அதன் தலையில் ஐந்து தடித்த வயர்கள் நிமிர்ந்து வளைந்து நிற்கும். சனிக்கிழமை காலையில் நடு வயரைப் பிடுங்கி இரும்புக்குப் பக்கத்தில் காட்டினால் பொறி பளிச்சென்று குதிக்கும். பிளக் வயரைக் காட்டினால் ஒன்றும் வராது.

"வர்ற கரெண்ட்டு மூடிக்குள்ளதான் எங்கியோ காணாம போவுது" என்றார் என்னிடம்.

"நான் பிடிச்சுப் பாக்கட்டா?"

"வேணாம் தம்பி."

வேண்டாம் என்றால் பிடிக்கிற வயது. ஞாயிற்றுக்கிழமை வண்டி ஓடிக்கொண்டிருந்தபோது பிடித்தேன். உடம்புக்குள் புகுந்த மின்சாரம் திண்டிவனம் போய்த் திரும்பி வந்தது. அன்று முழுக்க நாக்கில் பித்தளைச் சுவை. ஆக, ஞாயிற்றுக்கிழமை மின்சாரம் காணாமல் போவதில்லை என்று நிரூபித்தவன் நான்தான்.

மூடியின் மேல் ஈரம் இருந்ததை டிரைவர் பார்த்திருந்தார். கூரையிலிருந்து பனி சொட்டுகிறது என்று நினைத்துத் துணியால் துடைத்தார். துடைத்தும் கிளம்பாததால், மூடியில் கண்ணுக்குத் தெரியாத கீறல் விழுந்திருக்கும், மெட்ராஸிலிருந்து புது மூடி வரவழைக்க வேண்டும் என்றார். பெரியப்பா கணக்குப்பிள்ளையைப் பார்த்தார். கணக்குப்பிள்ளை பொடியை உறிஞ்சினார். "கமிஷன்" என்று ஒரே வார்த்தைதான் சொன்னார்.

நானும் துப்பறியத் தொடங்கினேன். என் சந்தேகப் பட்டியலில் மெக்கானிக், பக்கத்து வீட்டுக்காரர், பானட் சூட்டில் படுக்கும் சாம்பல் நிறப் பூனை, காரணமே இல்லாமல் எங்கள் கணக்கு வாத்தியார் ஆகியோர் இருந்தார்கள். ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு அடுப்புச் சாம்பலை அள்ளி ஷெட் தரை முழுக்கத் தூவிவிட்டு வந்தேன். குற்றவாளியின் கால்தடம் பதியுமே. காலையில் போய்ப் பார்த்தால் தடம் பதிந்துதான் இருந்தது. சின்னக் கால், பெருவிரல் கொஞ்சம் உள்பக்கம் வளைந்தது. என்னுடையது. தூவிக்கொண்டே பின்பக்கமாக நடந்து வர வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. இரண்டு நாள் என்னையே சந்தேகப்பட்டுக்கொண்டு பேசாமல் இருந்தேன்.

எறும்பைக் கண்டுபிடித்தவர் கணக்குப்பிள்ளை. ஒரு சனிக்கிழமை, முன் சக்கரத்தின் மேலேறி பானட்டுக்குள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்த எறும்புகளைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"எறும்பு எதுக்கு வரும் ஐயா? சர்க்கரைக்கு வரும். பெட்ரோல்ல சர்க்கரை கலந்தா எஞ்சின் வேலை செய்யாது, கேள்விப்பட்டிருக்கேன்."

"ஏண்டா, பெட்ரோல்ல சர்க்கரை போட்டியா?" என்றார் பெரியப்பா.

டிரைவர் அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். "நான் எதுக்குங்க போடறேன்? இந்த வண்டியில சோறு துண்றவன் நான்."

"அடுத்த சனிக்கிழமை கிளம்பலைன்னா உன் லைசென்ஸ எடுத்துக்கினு போய்த் திண்டிவனம் போலீஸ் ஸ்டேஷன்ல குடுத்து எழுதி வெச்சிடுவேன். அப்புறம் நீ மாட்டு வண்டிகூட ஓட்ட முடியாது."

டிரைவர் ஹாண்டிலைத் துடைத்து வைத்துவிட்டுப் பின்பக்கம் போனார். அவர் தகரக் குவளையில் அன்று காபி அப்படியே ஆறிக்கிடந்தது. பூனை குடித்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை, விளக்கு வைக்கிற நேரம். கையும் களவுமாகப் பிடிப்பதற்காகக் காரின் பின்சீட்டில் சாம்பிள் மூட்டைக்கு அடியில் நான் ஒளிந்துகொண்டிருந்தேன். ஒளிந்திருப்பது சலிப்பான வேலை. மூட்டையில் ஒரு கிழிசல் இருந்தது. பாதி மூட்டை காலியாகும் நேரத்தில் பானட் கொக்கி திறக்கும் சத்தம் கேட்டது.

பெரியம்மா. தலைமுடியை ஈரத்தோடு முடிந்திருந்தார். கையில் சின்னச் செம்பு. பானட்டைத் தூக்கிப் பிடித்து, அந்தக் கருப்பு மூடியின் மேல் சொட்டுச் சொட்டாகப் பால் ஊற்றினார். ஒவ்வொரு வயருக்கும் அடியில் தனித்தனியாக, பொறுமையாக. உதடு அசைந்தது. எனக்கு மல்லாட்டை புரையேறியது.

"யாரு? நீயா? அங்க இன்னாடா பண்றே?"

"ஒண்ணுமில்ல பெரியம்மா. துப்பறியறேன்."

"எறங்கி வா." வந்தேன். என் தலையைப் பிடித்துக் குனிய வைத்துக் காட்டினார். "பாரு. அஞ்சு தலை. டிரைவர் ஒரு நாளு தொறந்து வெச்சுத் தொடச்சிகினு இருந்தப்ப பாத்தேன். உங்க பெரியப்பா புத்தை இடிச்சாரு. அது எங்கியும் போவல. அதே எடத்துலேர்ந்து வண்டிக்குள்ள ஏறிக்கிச்சு. அது குந்தியிருக்கிறதாலதான் இந்த வண்டி ஓடுது."

பார்த்தேன். மங்கிய வெளிச்சத்தில் கருப்புப் படம், அதிலிருந்து நிமிர்ந்த ஐந்து கழுத்து. நாகமேதான். எனக்குச் சந்தேகமே வரவில்லை. அந்தச் சீசனில் சந்தேகம் வராமல் நான் ஏற்றுக்கொண்ட ஒரே விஷயம் அதுதான். பால் ஊற்றுவதற்கும் வண்டி நிற்பதற்கும் முடிச்சுப் போட எனக்குத் தோன்றவில்லை. பால் நல்ல பொருள். குற்றவாளியைக் கண்ணெதிரே பார்த்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு படிக்கப் போன துப்பறிபவன் உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

பிள்ளை பிறந்ததா என்று உங்களில் சிலர் கேட்பீர்கள். பிறக்கவில்லை. முன்னாலேயே சொல்லிவிடுகிறேன், அதற்காகக் காத்திருக்க வேண்டாம்.

மறுநாள் விடிவதற்கு முன்பே எல்லோரும் ஷெட்டில் கூடிவிட்டோம். பெரியப்பா கோட்டு போட்டிருந்தார். உள்பையில் டிரைவரின் லைசென்ஸ். கணக்குப்பிள்ளை ராந்தல் விளக்கோடு வந்திருந்தார். பெட்ரோல் டாங்க் மூடியைத் திறந்து, குச்சி விட்டு நனைத்து, நக்கிப் பார்த்தார். முகம் கோணியது.

"இனிக்குதா?" என்றார் பெரியப்பா.

"இனிப்பும் இல்ல, கசப்பும் இல்ல. ஆனா லேசா சந்தேகமா கீது."

"ராந்தலை அணைச்சுடுங்க பிள்ளை" என்றார் டிரைவர். "பெட்ரோல் தொறந்து கெடக்குது. எல்லாரும் சேந்து மேல போயிடுவோம்." டாங்கை மூடினார். பானட்டை முழுக்கத் தூக்கி நிறுத்தினார். "எல்லாரும் முன்னால வந்து நில்லுங்க ஐயா. நான் எதுவும் பண்ணலைன்னு நீங்களே பாருங்க."

ராந்தல் அணைந்ததும் ஷெட் கருக்கலில் மூழ்கியது. நான் சோக்கை இழுத்தேன். டிரைவர் ஹாண்டிலைச் சுற்றினார்.

அப்போதுதான் பார்த்தோம். கருப்பு மூடியின் மேல் நீல நிறத்தில் பொறிகள் புழுக்கள் மாதிரி ஊர்ந்தன. ஒரு கழுத்திலிருந்து இன்னொரு கழுத்துக்கு ஓடின, நெளிந்தன, அணைந்தன. டிரைவர் சுற்றச் சுற்ற அவை மறுபடி கிளம்பின. கூடவே ஒரு வாசனை.

கொல்லைக் கதவருகே காபியோடு நின்றிருந்த பெரியம்மாவுக்குத்தான் முதலில் எட்டியது. "பால் தீயுதே" என்று அடுப்பங்கரைப் பக்கம் திரும்பினார். அடுப்பில் ஒன்றும் இல்லை. வாசனையைத் தொடர்ந்து ஷெட்டுக்குள் வந்தார். நீலப் பொறி ஐந்து தலையிலும் ஓடுவதைப் பார்த்தார். காபி கீழே விழுந்தது. அத்தனை பேர் முன்னால், மேடையில் சாமி இல்லை என்று பேசுகிற புருஷன் முன்னால், எண்ணெய்க் கறை படிந்த தரையில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார்.

"கண்ணைத் தொறந்துட்டே தாயே. அஞ்சு தலையும் கண்ணைத் தொறந்துட்டே."

டிரைவர் சுற்றுவதை நிறுத்திவிட்டார். குனிந்து மூடியை மோந்தார். விரலால் தொட்டு நாக்கில் வைத்தார். "ஐயா, இது பாலு. இனிக்குதுங்க."

"பாத்தீங்களா, சர்க்கரை" என்றார் கணக்குப்பிள்ளை.

பெரியம்மா எழுந்து புடவையைத் தட்டிவிட்டுக்கொண்டார். "பின்ன வெறும் பாலையா ஊத்துவாங்க? சர்க்கரை போட்டுத்தான் ஊத்தினேன். வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை."

டிரைவர் ஒரு குச்சியில் துணியைச் சுற்றினார். வயர்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கி, அவை செருகியிருந்த குழிகளைத் துடைத்தார். மேல்பக்கத்தை அவர் துடைத்திருந்த அத்தனை வாரமும் பால் அந்தக் குழிகளுக்குள் பத்திரமாக இருந்திருக்கிறது. வெயில் ஏறி உலர்ந்ததும் வண்டி கிளம்பியிருக்கிறது. துடைத்து முடித்து ஒரே ஒரு சுற்று. கார் உறுமியது. டிரைவர் என்னை இறங்கச் சொல்லிவிட்டு எஞ்சினை அணைத்தார்.

"ஏன் அணைச்சே? எடு, நேரமாவுது" என்றார் பெரியப்பா.

"ஐயா, மண்டியில வந்து சொல்லணும் நீங்க."

"இன்னா சொல்லணும்?"

"நான் சர்க்கரை போடலைன்னு. எதிர்மண்டிக்காரர்கிட்ட காசுக்குக் கைநீட்டலைன்னு. போற எடத்துல எல்லாம் எங்க அப்பாவைக் கேக்கறானுங்க, உம்புள்ளை மொதலாளி வண்டியைக் கெடுத்தானாமேன்னு. அவரு தலையைக் குனிஞ்சிகினு மூட்டை தூக்கறாரு."

"பனி எறங்கிடுச்சுன்னு சொல்லிடலாம்பா. முடிஞ்சுது."

"பனின்னா ஏன் சனிக்கிழமை மட்டும்னு கேப்பாங்க ஐயா. நாலு பேரு முன்னால நடந்ததைச் சொல்லுங்க. இல்லைன்னா அந்த லைசென்ஸ குடுங்க, நான் நடந்தே போறேன்."

பெரியப்பா கோட்டுப் பையின் மேல் கையை வைத்துக்கொண்டார். எதைச் சொல்வது? நாலு பேர் முன்னால் என்றால் அந்த நாலு பேரும் அவர் பேச்சுக்குக் கைதட்டியவர்கள். அடுத்த வாரம் ஒரு கூட்டம் வேறு இருந்தது. ஒருவன் பெயரைக் காப்பாற்றினால் தன் பெயர் போகும். அவர் நின்ற நிலையில் எதைத் தேர்ந்தெடுக்கிறார் என்பது எனக்கே தெரிந்தது, நான் சின்னப்பயல். டிரைவருக்குத் தெரியாமலா இருக்கும்? அவர் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

பெரியம்மா கால்பலகையில் ஏறிப் பின்சீட்டில் உட்கார்ந்தார்.

"நீ எங்க போறே?" என்றார் பெரியப்பா.

"திண்டிவனம். ஊத்தினது நான். நான் சொல்றேன். நீ ஏறி உக்காருப்பா, வண்டிய எடு."

எல்லோரும் ஏறிக்கொண்டோம். விக்கிரவாண்டி வந்தது, மயிலம் மலை வந்து போனது. கணக்குப்பிள்ளை நாக்கில் பெட்ரோல் சுவையோடு அடிக்கடி ஜன்னல் பக்கம் துப்பிக்கொண்டே வந்தார். பெரியப்பா தன் மனைவியை அன்றுதான் முதல்முதலாகப் பார்ப்பவர் போல ஓரக்கண்ணால் பார்த்தார். இத்தனை வருஷம் இவள் வேறென்ன செய்துகொண்டிருக்கிறாள் என்று யோசித்திருப்பார். நானும் யோசித்தேன். முறுக்கு டப்பா காலியாவதற்கு நான் மட்டும்தான் காரணமா என்று.

மண்டியில் வண்டிகள் வந்து நின்றிருந்தன. பச்சை மண் வாசனையோடு காய்க் குவியல்கள். எதிர்மண்டிக்காரர் குடையோடு நின்றிருந்தார். டிரைவரின் அப்பா ஒரு மூட்டையை முதுகில் ஏற்றிக்கொண்டு நடந்துகொண்டிருந்தார். பெரியம்மா காரிலிருந்து இறங்கினார். மண்டிக்குப் பெண்கள் வருவதுண்டு, காய் பொறுக்குவதற்கு. முதலாளி வீட்டு அம்மா வந்ததில்லை. பேச்சு தானாக அடங்கியது.

"எல்லாரும் கேட்டுக்குங்க" என்றார். குரல் கடைசி வண்டி வரை கேட்டது. "எங்க வூட்டு வண்டி சனிக்கிழமை சனிக்கிழமை நின்னுச்சே, அதுக்கு இந்தத் தம்பி காரணமில்ல. நான் வெள்ளிக்கிழமை வெளக்கு வெக்கிற நேரத்துல எஞ்சின்ல பால் ஊத்தினேன். நாகத்துக்கு. எனக்குப் பிள்ளை வேணும்னு. பால் பட்டதாலதான் வண்டி நின்னுச்சு. இந்தத் தம்பி பேரை எவனாவது இனிமே எடுத்தீங்கன்னா என்னை வந்து கேளுங்க."

எதிர்மண்டிக்காரர் தொண்டையைக் கனைத்தார்.

"இன்னா அண்ணே, பாம்பு போச்சு பெட்ரோல் வந்துச்சுன்னீங்க. பாம்பு பெட்ரோல் குடிக்க வந்துடுச்சா?"

மண்டியே சிரித்தது. கணக்குப்பிள்ளைகூட, பொடி போடுவது போல முகத்தை மூடிக்கொண்டு சிரித்தார். பெரியப்பாவின் காதுகள் சிவந்தன. திரும்பிக் காருக்குள் போய் உட்கார்ந்துகொள்வார் என்று நினைத்தேன். அவர் மனைவியைப் பார்த்தார். பிறகு கோட்டின் உள்பையில் கைவிட்டு லைசென்ஸை எடுத்து, டிரைவரிடம் போய், எல்லோரும் பார்க்க நீட்டினார்.

"இந்தா. இனிமே இத நீயே வெச்சுக்கோ."

மன்னிப்பு என்றோ தப்பு என்றோ ஒரு சொல் வரவில்லை. மணிக்கணக்கில் பேசக் கற்ற நாக்கு அது. அதற்கு அந்த ஒன்று மட்டும் பழக்கமில்லை.

டிரைவர் லைசென்ஸை வாங்கிப் பிரித்துப் பார்த்தார். அதில் இருப்பது தன் பெயர்தானா என்று பார்ப்பவர் போல இருந்தது. சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நேரே தன் அப்பாவிடம் போனார். அவர் முதுகிலிருந்த மூட்டையை இறக்கிக் கீழே வைத்தார். என்னவோ பேசினார்கள். அப்பா வேண்டாம் வேண்டாம் என்று தலையாட்டினார். டிரைவர் அவர் கையைப் பிடித்துக் கூட்டிவந்தார்.

"யோவ், மூட்டைய யாரு எறக்குவா?" என்றார் எதிர்மண்டிக்காரர்.

"வந்து எறக்குவாரு" என்றார் டிரைவர், திரும்பாமல். பிறகு பெரியப்பாவிடம், "எங்க அப்பாவை ஒலக்கூர் வரைக்கும் கூட்டிகினு போய் ஒரு ரவுண்டு காட்டிட்டு வர்றேங்க. எங்க தெரு பாக்கட்டும்" என்றார். கேட்டதாக இல்லை, சொன்னதாக இருந்தது.

டிரைவரின் அப்பா கால்பலகையில் ஏறும் முன் ஒவ்வொரு காலாகத் துண்டால் துடைத்தார். பின்சீட்டில், பெரியப்பா உட்காரும் இடத்தில், விளிம்பில் மட்டும் உட்கார்ந்தார். டிரைவர் ஸ்டீரிங்குக்குப் பின்னால் ஏறி உட்கார்ந்து நேரே பார்த்தார். ஹாண்டில் முன்னால் செருகியபடி இருந்தது. சுற்றுவதற்கு யாருமில்லை. நான் போகலாம் என்று நகர்ந்தேன். எனக்கு அதைத் தூக்கவே தெம்பில்லை.

பெரியப்பா கோட்டைக் கழற்றிப் பெரியம்மாவிடம் கொடுத்தார். குனிந்து ஹாண்டிலைப் பிடித்துச் சுற்றினார். பழக்கமில்லாத கை, முதல் சுற்றில் வழுக்கியது, அடுத்ததும் நழுவியது. பிறகு கார் கிளம்பியது. புழுதியைக் கிளப்பிக்கொண்டு ஒலக்கூர்ப் பக்கம் போனது. வழியெல்லாம் ஹாரன் வாத்தாகக் கத்தியது.

பெரியப்பாவும் பெரியம்மாவும் ஒரு மல்லாட்டை மூட்டையின் மேல் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். அவர் உள்ளங்கை சிவந்திருந்தது. பெரியம்மா அதைத் தன் புடவைத் தலைப்பால் ஒற்றினார். வெயில் ஏறியது. கார் வரவில்லை. கணக்குப்பிள்ளை ரோட்டுக்கும் மூட்டைக்குமாக நடந்தார். கடைசியில் தாங்க முடியாமல் குனிந்து, காதருகே வந்து, குரலைத் தணித்துக்கொண்டார்.

"ஐயா, இன்னும் காணோமே. வண்டியோட அப்படியே போயிட்டான்னா?"

"போவட்டுமே" என்றார் பெரியப்பா. "லைசென்ஸ்தான் வெச்சிருக்கானே."